பதினொரு செக்கன்

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கட்டடத்தில்
சுவரில் துளை போடக்கூடாது,
கம்பளம் தட்டக்கூடாது, போத்தல் எறியக்கூடாது.
ஈயம் உருகுவதற்குச் சத்தமில்லை.
அதனால் லாங்கன்தாலில் என் ஞாயிறுகள்
இருபத்தாறு வருடமாய்ச்
சமையல் மேசையின் சூட்டுத் தழும்புகளுக்கு நடுவில்.

எங்கே தொடங்கியது என்று கேட்பார்கள்.
பற்றரிக்குத் தடை இருந்த காலம்.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத்
தம்பி கையால் பெடலைச் சுற்றுவான்,
டைனமோவில் செய்தி வரும்.
அவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார்.
அந்தக் குரல் சோராமலிருக்க
என்ன வைக்கலாம் என்றுதான்
முதன்முதல் ஒரு றேடியோவின் வயிற்றைத் திறந்தேன்.
உள்ளே வரிவரியாய் நிறம் பூசிய சின்னப் பருப்புகள்.
பௌதிகப் புத்தகத்தில் அதன் பெயர் தடையி.
தடைக்குள் இருந்துகொண்டு தடையி பொறுக்கியவள் நான்.
இதற்குமேல் விளக்கம் என்னிடம் இல்லை.

நிறங்களை நான் எண்களாய் வாசிப்பேன்.
பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு,
பச்சை ஐந்து, நீலம் ஆறு.
மகள் ஆரணி வாங்கித் தந்த மல்ரிமீற்றர்
பெட்டி பிரிக்காமல் கிடந்தது.
எழுத்துத் தெரிந்தவளுக்கு
வாசித்துக் காட்ட ஆள் எதற்கு என்றொரு திமிர்.

உடுப்புத் தோய்க்கும் நிலவறைக்கு இறங்கும் படியில்
விளக்கு எரிவதில்லை.
நிர்வாகம் மூன்று தரம் கடிதம் போட்டது,
மூன்றிலும் அடுத்த வருடம்.
நான் பன்னிரண்டு வோல்ட்டில் ஒன்று செய்தேன்,
சட்டத்துக்கு உட்பட்டது.
ஆள் அசைந்தால் எரியும்.
எத்தனை நேரம் என்பதை
ஒரு எட்டுக்கால் சில்லு பார்த்துக்கொள்ளும்:
ஒன்று தசம் ஒன்றைத் தடையால் பெருக்கி
அதைக் கொள்ளளவால் பெருக்கினால்
பதினொரு செக்கன்.
பதின்மூன்று படி. இடுப்பில் கூடையோடும் எனக்குப் போதும்.

அது அணைய மறுத்தது.
ஏறி, கதவைச் சாத்தி, மூச்சு வாங்கி,
திரும்பித் திறந்து பார்த்தாலும் எரிந்தது.
கொள்ளளவியை மாற்றினேன். சில்லை மாற்றினேன்.
நிலவறை ஈரத்தின்மேல் பழியைப் போட்டேன்.
ஆறு வருடம்.

இரண்டாம் மாடி சௌக் ஐயா
இரண்டு ஊன்றுகோல்காரர்.
ஒருநாள் படியில் நின்று சொன்னார்:
என் காலை அளந்தல்லவா செய்திருக்கிறீர்கள்.
அதன்பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும்
எங்கள் கதவுப்பிடியில் ஒரு பேரிக்காய் ரொட்டி தொங்கும்.
நான் மறுக்கவில்லை.
ரொட்டியையும் தின்றேன்.

சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறி
மார்ச்சில் இடக்கண் வெட்டினார்கள்.
கட்டு அவிழ்த்த அன்று பால் இவ்வளவு வெள்ளையா என்றிருந்தது.
குணபாலனின் பச்சைச் சட்டை
நீலமாய் வந்து சோறு போட்டது.
எப்ப வாங்கினது இது என்றேன்.
கலியாண வெள்ளிவிழாவுக்கு, நீதான் எடுத்தது என்றார்.

ஒரு கணம்.
பிறகு இழுப்பறைக்கு ஓடினேன்.

பழுப்பு, கறுப்பு, பச்சை: ஒரு மெகா ஓம்.
என் கையெழுத்தில் ஒட்டியிருந்த அந்தப் பெட்டியில்
பாதிக்குமேல் பச்சையே இல்லை.
நிலவறைக்கு இறங்கி மூடியைக் கழற்றினேன்.
இடக்கண்ணால் பார்த்தால் பத்து.
வலக்கண்ணால் பார்த்தால் ஒன்று.
மீற்றரை அன்றுதான் பெட்டி பிரித்தேன்.
அது இடக்கண்ணின் பக்கம் சேர்ந்துகொண்டது.

சட்டைப்பையில் சரியான தடையி இருந்தது.
மேலே இரண்டு ஊன்றுகோல் இறங்கும் சத்தமும்.
மூடியைப் பூட்டினேன்.
மேசைக்கு வந்து வரைபடத்தில்
ஒன்றை வெட்டிப் பத்து என்றெழுதித்
திகதி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து
வேறு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்?
கொப்பியைப் புரட்டிப் பேர் எழுதினேன், பதினேழு.
முதலில் புர்க்டோர்ஃப் செல்வமதிக்கு அடித்தேன்.
நான் செய்து தந்த வாசல் மணி
ஒழுங்காய் அடிக்குதோ?

அடிக்குது அக்கா, என்றாள்.
வந்த ஆள் சப்பாத்துக் கழற்றி,
ஜக்கெற்றைக் கொழுவி,
கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்கும் மட்டும் அடிக்குது.
அது அப்படித்தானாக்கும் எண்டு நாங்கள் இருந்திட்டம்.